மாமா, நான் ஹேக்கரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் பற்றி வந்த கட்டுரையில், அடுத்து என்ன வரும் என்று மென்பொருள் வைத்துக் கணித்து விளையாடுகிறவர்களை 'ஹேக்கர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். என் அக்கா மகன் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து "மாமா, நான் ஹேக்கரா?" என்று கேட்டான். அவன் செய்வது இதுதான்: பழைய கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் கருவியில் போக்கிமான் எமரால்டு ஆடுகிறான், ஷைனி (வழக்கமான நிறத்தில் இல்லாத அபூர்வ போக்கிமான்) பிடிக்கக் கணக்குப் போடுகிறான்.

அந்த கேமுக்குள் தாயக்கட்டை எதுவும் உருளவில்லை. ஒரு எண் இருக்கிறது, அதை 1103515245-ஆல் பெருக்கி, 24691-ஐக் கூட்டி, 32 பிட்டுக்கு (கம்ப்யூட்டர் எண்ணின் 0, 1 இலக்கம்தான் பிட்) மேல் வழிவதை வெட்டி எறிந்தால் அடுத்த எண், அதிலிருந்து அதற்கடுத்தது, இப்படியே விநாடிக்குச் சுமார் 60 முறை ஓடிக்கொண்டே இருக்கும். முதல் எண் தெரிந்தால் மீதி எல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரிதான். எமரால்டில் அந்த முதல் எண், எப்போது ஆன் செய்தாலும், பூஜ்யம்! அதற்கு முன் வந்த போக்கிமான் ரூபி, சஃபயர் கேம்களில் கேசட்டுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், ஆனால் பேட்டரி தீர்ந்துபோன கேசட்டில் எப்போதும் 1440-தான் (ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் என்று பெருக்கிப் பாருங்கள்). 8192-ல் ஒன்று என்கிற ஷைனி எந்த நொடியில் வரும் என்று பட்டியல் போட்டு, டைமர் வைத்து, சரியாக அந்த நொடியில் பட்டனை அமுக்குகிறான். பத்துக்கு ஒன்பது தடவை தவறுகிறது, அது வேறு கதை.

முதல் எண் தெரியாவிட்டால்? அதற்கும் வழி உண்டு. மைன்கிராஃப்ட் கேமின் மூலப் பதிப்பு ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, ஜாவாவில் எண் எடுத்துத் தரும் 'ரேண்டம்' போடுவதும் இதே மாதிரிக் கணக்குதான், 48 பிட்டில். முழு எண் ஒன்றைக் கேட்டால் மேல் 32 பிட்டைக் காட்டிவிடும், மறைந்திருப்பது 16 பிட், அதாவது 65,536 சாத்தியங்கள். அடுத்த எண்ணை வைத்துச் சரிபார்த்தால் கம்ப்யூட்டருக்கு அது கண்மூடித் திறக்கும் வேலை. கேமில் இவ்வளவு முழுசாக எண் கிடைக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுதான் கிடைக்கும். அந்தத் துண்டுகளிலிருந்து விதையை, அதாவது அந்த முதல் எண்ணை, பின்னோக்கிக் கண்டுபிடிக்கவே லேட்டிசிஜி என்று ஒரு நிரல் தொகுப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல கணிதம் அது. இதில் யாரும் கேமின் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

பணம் வைத்து ஆடும் இடத்தில் இதே சரக்கைப் போட்டால்தான் வினை. 1999-ல் ஏஎஸ்எஃப் என்ற நிறுவனத்தின் இணையச் சீட்டாட்ட மென்பொருளை ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் ஆட்கள் ஆராய்ந்தார்கள். 'நாங்கள் எவ்வளவு நேர்மையாகக் கலைக்கிறோம் பாருங்கள்' என்று ஏஎஸ்எஃப்பே கலைக்கும் நிரலை வெளியிட்டிருந்தது, பாவம். 52 சீட்டைக் கலைக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம். இவர்களோ நள்ளிரவிலிருந்து ஆன மில்லிவிநாடியை விதையாக வைத்திருந்தார்கள், ஆக ஒரு நாளைக்கு மொத்தமே 8 கோடியே 64 லட்சம் கலைப்புகள். சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்ததும் அது 2 லட்சம் அளவுக்கு இறங்கியது. கையில் இரண்டு, மேசையில் மூன்று, ஐந்து சீட்டு தெரிந்ததும் மற்றவர் கையில் என்ன, இனி வருவது என்ன, எல்லாம் திரையில்.

இந்த மாதிரி இடத்துக்கென்றே ஊகிக்க முடியாத வகை எண் உருவாக்கிகள் இருக்கின்றன, வங்கிகளின் கம்ப்யூட்டர் தகவலைப் பூட்டும் ரகசிய எண்களுக்குப் பயன்படுவது அந்த ரகம். அதைப் போடாமல் விட்டது ஆட்டத்தை எழுதியவர்களின் தப்பு. கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

முடிந்தால் ஒரு திருத்தம் போடுங்கள் சார், சின்னதாக இருந்தாலும் போதும். பையன் வெட்டி ஒட்டிவைக்கக் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
பழைய கேம் பைத்தியம் ஒருவர்,
ஈரோடு