ஒன்பது வருஷ நாற்காலி

அன்புள்ள சுந்தரம்,

நலம். மூன்று மாதம் பதில் போடாதது என் தப்புதான், திட்டுவதை நேரில் திட்டிக்கொள். இப்போது பேனா எடுக்க வைத்தது உன் கடைசி வரி: "நிதிச் செயலாளர்னா கோப்பில் 'இயலாது'ன்னு எழுதறவர்தானே?" கத்தரிக்கோல் சார் பார்த்திருந்தால் உனக்குப் பத்துப் பக்கம் இம்போசிஷன்.

நம் மாநில நிதிச் செயலாளராக இருந்த சண்முகத்தை எடுத்துக்கொள். 2010-இல் கலைஞர் ஆட்சியில் நிதித்துறைக்கு வந்தவர், 2019-இல் தலைமைச் செயலாளர் ஆகும்வரை நகரவில்லை. நாலு முதலமைச்சர்கள் மாறினார்கள். அவ்வளவு நாள் உட்கார்ந்தவருக்குப் பழைய கோப்பெல்லாம் மனப்பாடம். போன வருஷம் திருப்பி அனுப்பிய திட்டம் இந்த வருஷம் வேறு பெயரில், துணை மதிப்பீட்டில் (பட்ஜெட்டுக்குப் பிறகு கேட்கும் கூடுதல் ஒதுக்கீடு), வெறும் 1,000 ரூபாய் அடையாளத் தொகையோடு வரும். ஆயிரம்தானே என்று விட்டால் போச்சு! புதுப்பணிக்குச் சட்டமன்ற ஒப்புதல் கிடைத்துவிடும். மீதியைத் துறை தன் மிச்சத்திலிருந்து மறுஒதுக்கம் செய்துகொள்ளும். அடுத்த ஏப்ரலில் அது நிரந்தரச் செலவு. இரண்டு வருஷத்தில் மாறிப் போகிறவருக்கு இந்த வேஷமாற்றம் எங்கே தெரியப்போகிறது?

அவர் காலத்தில் வந்த உதய் திட்டத்தைத்தான், அதாவது கடனில் மூழ்கிய மின்வாரியங்களை மீட்க மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தைத்தான், நீ சரியாகப் படிக்க வேண்டும். 2017 ஜனவரியில் கையெழுத்து. மின்வாரியக் கடன் 30,420 கோடியில் முக்கால் பங்கு, அதாவது 22,815 கோடி, அரசின் தலையில். அரசுப் பத்திரத்துக்கு வட்டி குறைவு, அதனால் வாரியத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த வட்டி இனி 2049 தலைப்பில் (அரசுக் கணக்கில் வட்டிச் செலவுக்கான எண்), பட்ஜெட்டுக்குள். அதோடு முடியவில்லை. வாரியத்தின் முந்தைய வருஷ நஷ்டத்தில் 2017-18-இல் 5 சதவீதம், பிறகு 10, 25, 2020-21-இல் 50 என்று அரசே ஏற்க வேண்டும். கட்டணத்தைத் தொடாமல் இருந்தால் பில் கோட்டைக்கு வரும். கையெழுத்திடும் வருஷம் வலிக்காது, நாலாவது வருஷம்தான் கடிக்கும். போதாக்குறைக்கு அதே 2017-இல் ஜூலையில் ஜிஎஸ்டி, அக்டோபரில் ஊதியத் திருத்தம்.

சண்முகத்தையும் சும்மா விடமாட்டேன். 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கிச் சம்பளம். குறிப்பு எழுதுவது செயலாளர், முடிவு அமைச்சரவையுடையது, சரி. பாதிப் பழியை அங்கே தள்ளுகிறேன். மீதிப் பாதிக்கு நீ சண்டைக்கு வரலாம்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. அடுத்த கடிதம் 2071 பற்றி. நம் ஓய்வூதியம் அந்தத் தலைப்பில்தான் வருகிறது, அதில் மட்டும் கிண்டல் கூடாது.

உன்
பாலு