வராத ஆர்டின்

கோபி,
ஞாயிறு காலை

அன்பு மாப்ளைக்கு,

நான் கோவாவில் சீட்டாடி ஒரு லட்சம் விட்டுவிட்டு வந்ததாக உனக்குச் சேதி வந்திருக்கிறது. சொன்னது யாரென்றும் தெரியும், கூட வந்த பனியன் கம்பெனிக்காரர்தான். நான் விட்டது 31,400. மீதி அவர் விட்டது, என் கணக்கில் எழுதிவிட்டார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா? இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று. வீட்டில் எல்லோரும் சுகம். சரி, சீட்டுக்கு வருகிறேன், நீ கேட்டதும் அதுதானே.

போனில் நான் சில்லறைக்குப் போக்கர் ஆடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டத்துக்குத் தடைச் சட்டம் வந்ததோடு அதுவும் நின்றது. அதனால் நேரில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமே என்று ஆசை. பணஜியில் மாண்டோவி ஆற்றுக்குள் சூதாட்டக் கப்பல் நிற்கிறது, கரையிலிருந்து படகில் கூட்டிப் போகிறார்கள். மற்ற இடமெல்லாம் ஆட்டமும் பாட்டும். போக்கர் மேஜைப் பக்கம் மட்டும் பத்திர ஆபீஸ் மாதிரி, யாரும் யாருடனும் பேசுவதில்லை.

ஒன்பது பேர். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டும் காசு, 100-200. நான் 20,000க்கு சிப்ஸ் வாங்கினேன். இன்னொரு 20,000 சட்டைப்பையில். அதுக்கு மேல் தொடுவதில்லை என்று இங்கேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினேன்.

முதலில் என்னைச் சோதித்தது சீட்டு இல்லை, நேரம். டீலர் கையால் கலைத்துப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். போனில் அதே நேரத்தில் அதைப்போல இரண்டு பங்கு ஆடிவிடுவேன். இங்கே 7-2, ஜாக்கி-3, 9-4 என்று வரும், போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நம் ரம்மியில் டிராப் என்றால் 20 பாயிண்ட் போகும். இதில் சீட்டைக் கீழே வைப்பதற்குக் காசு போகாது. ஆனால் சுற்று ஒன்றுக்கு பிளைண்ட் மட்டும் 300. மணிக்கு மூன்று சுற்றுக்கு மேலே ஓடும், சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஆயிரம் ரூபாய் வாடகை. இரண்டு மணி நேரத்தில் 2,000 கரைந்துவிட்டது, ஒரு ஆட்டம்கூட உருப்படியாக ஆடவில்லை.

அப்புறம் வந்தது பார், ஆஸ் இரண்டு! 221 தடவைக்கு ஒரு தடவை வருகிற சீட்டு, அந்த வேகத்தில் ஏழு மணி நேரத்துக்கு ஒன்று. 600க்கு ஏற்றினேன். எதிரில் இருந்த தாடிக்காரப் பையன் 2,000 என்றான். நான் 6,000. அவன் ஆல் இன். நானும் மொத்தத்தையும் தள்ளினேன். சீட்டைத் திருப்பிப் போட்டால் அவனிடம் ராஜா இரண்டு. நூற்றில் 80க்கு மேல் என் பக்கம். முதல் மூன்று சீட்டில் ஒன்றுமில்லை, நாலாவதிலும் ஒன்றுமில்லை. கண்ணில் படாத சீட்டு 44, அவனைக் காப்பாற்ற அதில் இரண்டே ராஜா. ஐந்தாவது சீட்டு இஸ்பேட் ராஜா.

மேஜையே 'ச்சு' கொட்டியது. டீலர் என் சிப்ஸை அவன் பக்கம் தள்ளினார். நம்பினால் நம்பு, எனக்கு அது வலிக்கவில்லை. அதே ஆட்டம் நாளைக்கு வந்தாலும் அதே மாதிரிதான் ஆடுவேன். மழை பெய்து காயப்போட்ட மஞ்சள் நனைந்தால் யாரைத் திட்டுவது?

வலிக்கிறது அடுத்த 20,000தான். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும். செய்யவில்லை. தாடிக்காரனிடமிருந்து என் பணத்தை, 'என்' பணத்தை, திரும்ப வாங்க வேண்டும் என்று மனசு அவனையே சுற்றியது. முதல் இரண்டு மணி நேரம் தொடாத சீட்டையெல்லாம் தொட்டேன், 3,600 போயிற்று. அப்புறம் ஆர்டினில் ராஜா-9 வந்தது. பொதுச் சீட்டில் இரண்டு ஆர்டின் விழுந்தது. இன்னும் ஒரு ஆர்டின் வந்தால் ஐந்தும் ஒரே ஜாதி, ஃபிளஷ். நாலாவது சீட்டு வேறு என்னவோ. நடுவில் 5,000 கிடந்தது. என் இடது பக்கத்தில் ஒரு பெரியவர், அதுவரைக்கும் தண்ணீர் கேட்க மட்டுமே வாய் திறந்தவர், நிதானமாக 5,000 வைத்தார்.

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டில் ஆர்டின் 9, ஐந்துக்கு ஒன்று. 10,000 எடுக்க 5,000 கட்டுகிறேன், மூன்றுக்கு ஒன்றாவது இருந்தால்தான் கட்டுபடியாகும். இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே கை ஐந்து சிப்ஸை எண்ணி முன்னால் வைத்தது. வந்தது கிளாவர் நாலு. பெரியவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது எங்கய்யன் ஞாபகம் வந்தது, மாப்ளை. 2010 வாக்கில் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் பதினாறாயிரத்தைத் தாண்டியபோது இன்னும் ஏறும் என்று விரலியைக் குடோனில் வைத்தாரே. அது ஆசை, அதை விடு. 2012இல் ஐயாயிரத்துக்குக் கீழே விழுந்த பிறகும் கொடுக்காமல் வைத்திருந்தார் பார், "அந்த விலையைப் பார்த்துட்டு இந்த விலைக்குக் கொடுக்கறதா?" என்று. நான் அவரோடு சண்டை போட்டேன், ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன். மேஜையில் உட்கார்ந்துகொண்டு அதே வேலையைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன்.

எழுந்து மேல்தளத்துக்குப் போனேன். டீ குடித்தேன், நம் ஊர்க் கடை டீ இல்லை, சுடுதண்ணீரில் சாயம். ஆற்றில் மற்ற கப்பல்களின் விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. கையில் 9,000 இருக்கிறது. அப்படியே கரைக்குப் போயிருக்கலாம், ஆனால் படகில் பனியன்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை. திரும்பப் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஒன்றும் நடக்கவில்லை. 7-2 வந்தது, கீழே வைத்தேன். ராணி-5 வந்தது, வைத்தேன். ஒரு தடவை ஜோடிப் பத்து வந்து 1,800 எடுத்தேன், அதைப் பிளைண்டுக்கே கொடுத்தேன். தாடிக்காரன் வேறு யாரையோ மொட்டையடித்துக்கொண்டிருந்தான், அவன் பக்கம் திரும்பவே தோன்றவில்லை. நாலு மணிக்கு எழுந்து எண்ணிப் பார்த்தால் 8,600. இரண்டு மணி நேரத்தில் 400 ரூபாய் நட்டம். ஜெயித்துவிட்டு எழுந்த நாளில்கூட எனக்கு இவ்வளவு திருப்தி இருந்ததில்லை, பைத்தியக்காரன் என்று நீ சொன்னாலும் சரி.

வீட்டில் 31,400 என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் நகைச்சீட்டுப் பாஸ்புக்கை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள், இந்த மாசத் தவணையிலிருந்து நான்தான் கட்டுகிறேன்.

பொங்கல் நோம்பிக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. திண்ணையில் பழையபடி ரம்மி போடுவோம், டிராப் 20, நடுவில் 40, முழுசும் போனால் 80. காசு வேண்டாம், தோற்றவன் மரமேறி இளநீர் இறக்க வேண்டும். முழங்காலைக் காட்டித் தப்பிக்கலாம் என்று பார்க்காதே, உனக்கென்று குட்டை மரம் ஒன்று வைத்திருக்கிறேன்.

உன்
மச்சான்