வார ஓய்வு பேப்பரில் மட்டும் இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காவலர்களுக்கு வார விடுமுறை கொடுத்தாச்சு என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அன்று காலையிலேயே போன் அடித்து 'பந்தோபஸ்துக்கு ஆள் பத்தவில்லை, உடனே வா' என்றால் அது எப்படி விடுமுறையாகும்? இரவு முழுக்க ரோந்து சுற்றிவிட்டு, சீருடைகூட மாற்றாமல் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போய், பெயரைக் கூப்பிடும் வரை பெஞ்சில் தூங்கி விழும் காவலரைப் பலரும் பார்த்திருப்போம். அந்த நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கவேண்டும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் கவனம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவரிடம்தான் துப்பாக்கியையும் வண்டிச் சாவியையும் கொடுத்து அனுப்புகிறோம். பொதுமக்களிடம் எரிந்து விழுகிறார்கள் என்று குறை சொல்கிறோமே, அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்டோமா?

ஷிஃப்ட்டைக் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். தலைகீழாக மாற்றினால் தூக்கம் கெடும். இதற்குப் பெரிய செலவே இல்லை, பட்டியல் போடும் அதிகாரி மனசு வைத்தால் போதும். சிலர் 12 மணி நேர ஷிஃப்ட்டை விரும்புகிறார்கள், விடுமுறை நாட்கள் கூடும் என்பதால். சரி, ஆனால் அது ஓவர்டைமில் 15 மணி நேரமாக நீளக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான தொழிலாளர் விதி ஒரு நாளில் 11 மணி நேரத் தொடர் ஓய்வு கேட்கிறது. காவலருக்கும் அதையே அளவாக வையுங்கள். ரத்தான விடுமுறைக்கு மாற்று நாளை அன்றைக்கே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காவலரின் தங்கை