கேட்பது மாடல், ஓட்டுவது நீ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் நம் வயதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர்தான் ஏறியிருக்கிறது. நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

அலுவலக டேட்டாபேஸை ஏஐ மாடலோடு இணைக்கச் சொல்கிறார்கள், எந்த லைப்ரரி எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்று ஒரு நெறிமுறை இருக்கிறது, ஏஐ மாடலை வெளியே உள்ள தரவோடும் நிரல்களோடும் இணைக்கும் பொது வழி. அதற்கான பைத்தான் லைப்ரரியை எடு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் அந்த நெறிமுறையை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஓப்பன்ஏஐயும் கூகுளும் ஏற்றுக்கொண்டன. டூல்களை, அதாவது மாடலின் பயன்பாட்டுக்காக நாம் எழுதித் தரும் ஃபங்ஷன்களை, கூப்பிடுவது மாடல்களுக்கு அதற்கு முன்பே தெரியும். ஓப்பன்ஏஐ 2023 ஜூனிலேயே அந்த வசதியைத் தந்துவிட்டது. ஆனால் ஆளுக்கொரு வடிவம். ஐந்து செயலிகள், பத்து டூல்கள் என்றால் ஐம்பது இணைப்புகளை எழுதிச் சாக வேண்டும். இப்போது டூலுக்கு ஒரு சர்வர் (டூலைத் தரும் நிரல்), செயலிக்கு ஒரு கிளையன்ட் (அதைக் கேட்டு வாங்கும் நிரல்). பதினைந்தோடு வேலை முடிகிறது. நிரல் எழுதும் எடிட்டர்களுக்காக மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் உனக்குப் பழக்கம்தானே? அதைப் பார்த்துத்தான் இதை அமைத்தார்கள். இரண்டிலும் உள்ளே போய்வருவது ஜேசான்-ஆர்பிசி 2.0 என்ற பொது வடிவில் எழுதிய செய்திகள்தான்.

உன் மேலாளரிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடு. மாடல் எதையும் தானாக ஓட்டுவதில்லை. ‘இந்த டூலை, இந்த மதிப்புகளோடு கூப்பிடு’ என்று எழுதித் தருவதோடு அதன் வேலை தீர்ந்தது. அதை வாங்கி ஓட்டுவது உன் நிரல். விடையை மாடலுக்குத் திருப்பிக் கொடுப்பதும் உன் நிரல்தான். ‘ஏஐ அழித்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், அழிக்கும் அனுமதியை யார் கொடுத்தது என்று கேள்.

எழுத வேண்டிய நிரல் பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண ஃபங்ஷன் ஒன்றை எழுதி அதன் தலையில் டெக்கரேட்டர் என்ற ஒற்றை வரிக் குறியை வைத்தால் அது டூல் ஆகிவிடும். டைப் குறிப்புகளிலிருந்து ஸ்கீமாவையும் (என்னென்ன மதிப்புகள், எந்த வகையில் வேண்டும் என்ற பட்டியல்), ஃபங்ஷனுக்குள் நாம் எழுதும் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து விளக்கத்தையும் லைப்ரரியே எடுத்துக்கொள்ளும். நேரம் எல்லாம் அந்த டாக்ஸ்ட்ரிங்கில்தான் போகும். மனிதர்கள் படிக்க மாட்டார்கள் என்று நாம் இத்தனை வருடமாக அலட்சியமாகக் கிறுக்கிவந்தோமே, அதைத்தான் மாடல் ஒரு சொல் விடாமல் படிக்கிறது! ‘ஆர்டரைத் தேடும்’ என்று மட்டும் எழுதினால், வாடிக்கையாளர் பெயரைக் கொடுத்தும் கூப்பிடும், தேதியைக் கொடுத்தும் கூப்பிடும். ‘ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் அதன் தற்போதைய நிலையைத் தரும். எண் தெரியாவிட்டால் முதலில் வாடிக்கையாளர் தேடலைக் கூப்பிடு’ என்று எழுதிப் பார், நடத்தையே மாறிவிடும். பிழைச் செய்திக்கும் இதே கதைதான். ‘தவறான உள்ளீடு’ என்று திருப்பினால் மாடல் குருட்டாம்போக்கில் மறுபடி முயலும். தேதி எந்த வடிவில் வேண்டும் என்று அந்தச் செய்தியிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும்.

உன் வேலையை நேரில் பார்க்காமலே சொல்கிறேன்: டேட்டாபேஸுக்கான எஸ்க்யூஎல் கட்டளை எதையும் அப்படியே வாங்கி ஓட்டும் டூலைத் திறந்துவிடாதே. சோம்பேறித்தனமாக அதைத்தான் எல்லோரும் முதலில் செய்யப் பார்க்கிறார்கள். குறுகலான டூல்கள் சிலவற்றை எழுது. டேட்டாபேஸிலும் படிக்க மட்டும் உரிமையுள்ள பயனர் கணக்கைக் கொடு. இந்த டூல் படிக்க மட்டும் செய்யும் என்று குறித்துவைக்க எம்சிபியில் இடம் உண்டு. ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு இல்லை.

வெளியார் எழுதிய சர்வரைச் சேர்ப்பதாக இருந்தால் அதன் டூல் விளக்கங்களை உட்கார்ந்து படி. அந்த விளக்கத்துக்குள்ளேயே ‘கோப்பை இங்கே அனுப்பு’ என்று கட்டளையை ஒளித்துவைக்க முடியும். மாடல் அதையும் நம்பிவிடக்கூடும். டூல் கொண்டுவரும் மின்னஞ்சலிலோ இணையப் பக்கத்திலோ இதே வலை இருக்கலாம். ரகசியத் தரவைப் படிக்கும் டூல், வெளியே அனுப்பும் டூல், யாரோ எழுதிய உரையைக் கொண்டுவரும் டூல் மூன்றும் ஒரே உரையாடலில் சேர்ந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சர்வரை உன் கணினியிலேயே எஸ்டிடிஐஓ (நிரலின் வழக்கமான உள்ளீடு, வெளியீடு) வழியாக ஓட்டினால் உள்ளே பிரின்ட் போடாதே. செய்திகள் போகும் அதே வழியில் உன் வரியும் கலந்து இணைப்பைக் குழப்பிவிடும். லாக் எல்லாம் பிழைச் செய்திகளுக்கென்று தனியாக உள்ள எஸ்டிடிஇஆர்ஆர் பக்கம் போகட்டும்.

டூல்களைக் கொட்டிக் குவிக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றின் விளக்கமும் மாடலின் சூழல் இடத்தை, அதாவது அது ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவை, தின்னும், எதை எடுப்பது என்ற தடுமாற்றமும் கூடும். மூன்று நான்கோடு தொடங்கு. விளக்கங்களை எழுதியதும் நிரல் இல்லாமல் அவற்றை மட்டும் எனக்கு அனுப்பு. எந்த டூல் எப்போது என்று எனக்கே விளங்காவிட்டால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மகள் எந்தப் பாடம் எடுத்திருக்கிறாள் என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்