தம்பிக்கு: அம்மா காட்டில் தூங்கிய நான்கு இரவுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா திருகோணமலைக்குத் திரும்பி வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. "பயணம் அம்மாவுக்குப் பிடிச்சதா அக்கா?" என்று நீ கேட்டபோது "ஓம், நல்லாப் பிடிச்சது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது போதாத பதில். தாயைக் கனடாவுக்குக் கூப்பிடப் போகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்கரியில் இருந்து கட்டில், குசினி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஆர்வி வண்டி எடுத்துக்கொண்டு பான்ஃப் தேசியப் பூங்காக் காட்டுக்குப் போகிறோம் என்று நீ சொன்ன அன்று இரவு அம்மா எனக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து அழுதார். "தம்பி என்னை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறானாம். எனக்கு ஏலாது பிள்ளை." நீ சொன்ன 'காம்பிங்'கைத்தான் உன் மகள் தமிழ் வகுப்பில் படித்த சொல்லில் "அப்பம்மா, முகாம் போடப் போறம்" என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் அம்மாவுக்கு முகாம் என்றால் 1990. தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாம். நீண்ட வரிசைக் கட்டடத்தில் எங்களுக்குத் தந்த ஒற்றை அறை, பதிவு அட்டை, குழாயடியில் குடங்களின் வரிசை. உனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் ஞாபகம் இருக்காது. எனக்குப் பதினொன்று.

அந்தக் காலத்தில் வந்த பழக்கம்தான் அம்மாவின் பை. மண்ணிறத்தில் ஒரு ரெக்சின் பை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், ஒரு சேலை, ஒரு டோர்ச். எங்கே படுத்தாலும் தலைமாட்டில் அது இருக்கும். 2004 மார்கழி 26 அன்று கடல் ஏறி வந்தபோதும் அந்தப் பையோடுதான் ஓடினார். கனடாவுக்கும் அதுதான் கைப்பையாக வந்தது. காணி உறுதியை மட்டும் நான் மல்லுக்கட்டி வாங்கி இங்கே வைத்துக்கொண்டேன்.

இப்போது அம்மா விறாந்தையில் இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நான்கு நாள் கதையைத்தான் சொல்கிறார். ஆர்வியை 'வண்டில் வீடு' என்கிறார். நீ சில்லுக்குக் கீழே கட்டை வைத்து மட்டம் பார்த்ததையும், அப்புறம் அவர் ஒரு கிளாஸ் தண்ணீரை மேசையில் வைத்து "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொன்னதையும் கையால் காட்டிக் காட்டிச் சொல்கிறார். மின்சாரம் மட்டும் உள்ள இடம்தான் உனக்குக் கிடைத்ததாம். தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோக வேண்டும். தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன விளக்குகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பாத்திரம் கழுவினாராம். குழாயடியில் குடத்தோடு நின்ற ஆளுக்கு அதை யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்? திரும்பும்போது கழிவறைத் தொட்டியை முதலில் திறந்துவிட்டு, குசினித் தண்ணீரை அதற்குப் பிறகு விட்டால் அந்தத் தண்ணீரிலேயே குழாய் கழுவுப்பட்டுவிடும் என்று நீ சொல்லிக்கொடுத்தது அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமிக்குக்கூட விளக்கியாயிற்று.

கருவாட்டுக் கதையும் வந்தது. வெளியில் அடுப்பு வைத்து நெத்தலி பொரிக்க வெளிக்கிட்டவரை நீ மறித்தாய் என்று முதலில் கோபம். கரடி வரும், சாப்பாடு, கழுவாத பாத்திரம், குப்பை ஒன்றும் வெளியில் கிடக்கக் கூடாது என்று நீ சொன்னவுடன் கோபம் போய்விட்டதாம். கந்தளாய்ப் பக்கம் வீட்டுக்குள் நெல் மூட்டை இருந்தால் யானை சுவரை இடித்துக்கொண்டு வரும் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தானே. "அங்கே யானைக்கு நெல்லு, இங்கே கரடிக்குக் கருவாடு" என்றார். நெடுஞ்சாலைக்கு மேலே மிருகங்கள் கடந்து போவதற்கென்றே மரம் வளர்த்த பாலம் கட்டியிருப்பதைப் பார்த்து அவர் வாயடைத்துப் போயிருக்கிறார். பான்ஃபில் அப்படி 6 மேம்பாலங்களும் 38 கீழ்ப்பாதைகளும் இருக்கின்றன. யானை குறுக்கிடும் ஹபரணை வீதியில் இருட்டியபின் போய்ப் பழகிய எவருக்கும் அது நெஞ்சில் படும்.

எல்க் மானைக் கண்டதும் திருகோணமலைக் கோட்டைக்குள் நிற்கிற நம்முடைய மான்களுக்குப் போடுவது போல வாழைப்பழத் தோலோடு இறங்கப் பார்த்தாராம். பேரன்தான் கையைப் பிடித்து "30 மீற்றர் தள்ளி நிக்கோணும் அப்பம்மா" என்றானாம். பைன் காய் ஒன்றை மடியில் கட்டியபோதும் அவன்தான் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறான், பூங்காவில் இருந்து ஒன்றும் எடுத்துப் போகக் கூடாதென்று. அந்தக் காய் பிசினால் மூடிக் கிடக்கும், காட்டுத் தீயின் சூட்டில்தான் விரிந்து விதை கொட்டும் என்று நீ சொன்னதை என்னிடம் மூன்று தரம் சொல்லிவிட்டார். வெந்நீர் ஊற்றில் இறங்கியபோது மட்டும் கொஞ்சம் கலங்கியிருக்கிறார். கந்தக மணம் மூக்கில் ஏற, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அங்கே செய்த அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியமும் ஞாபகம் வந்ததாம்.

இனி அந்த இரண்டாம் இரவு. வண்டியின் ஹீட்டர் நின்றுபோய், வாடகைக்குத் தந்தவர்கள் தொலைபேசியை எடுக்காமல், நீ அம்மாவிடம் நூறு தரம் மன்னிப்புக் கேட்டாயாமே. ஆகஸ்டிலும் அந்த மலையில் இரவு 5, 6 பாகைக்கு இறங்கும் என்று எனக்கும் தெரியும். ஐந்து பேரும் பின்பக்கக் கட்டிலில் நெருக்கிக்கொண்டு, இருந்த போர்வை எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். அம்மா நடுவில். "மண்டபத்தில் ஒரு பாயில் கிடந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு அம்மா சிரித்தார் தம்பி. மண்டபத்தைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. விடியப் பார்த்தால் பை தலைமாட்டில் இல்லை. மேசைக்குக் கீழே, சின்னவள் தன் கரடிப் பொம்மைக்கு அதைத் தலையணையாக வைத்துப் படுக்கப் போட்டிருந்தாளாம். "கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன்" என்றார். மிச்ச இரண்டு இரவும் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

இதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். வெளிநாட்டுக்குப் போகிற நம் தாய்மாரைப் பாதிப் பேர் வீட்டுக்குள் பூட்டி வைக்கிறார்கள். குளிர், முழங்கால் வலி, அவர்களுக்கு என்ன விளங்கப் போகிறது என்கிறார்கள். கோயில், கடைத்தொகுதி, சொந்தக்காரர் வீடு, அவ்வளவுதான். காடு அவர்களுக்குப் புதிது என்று யார் சொன்னது? அம்மம்மாவோடு கதிர்காமத்துக்கு நடந்து போனவர் அம்மா. உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, குமண காட்டுக்குள் இறங்கி, ஆற்றங்கரை மருத மரங்களுக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்து, சேலையை விரித்துப் படுத்தவர். இடையில் வந்த வருடங்கள்தான் வெளியில் படுப்பதைப் பயமாக்கிவிட்டன. பிள்ளைகள் பக்கத்தில் இருக்க, யாரும் துரத்தாமல் காட்டில் படுத்து எழும்பும் நான்கு இரவுகளை நீ அவருக்குக் கொடுத்திருக்கிறாய். உன் மகளிடம் ஒன்று மட்டும் சொல்: அப்பம்மாவிடம் 'காட்டில் தங்கப் போறம்' என்று சொன்னால் போதும்.

சரி, வருகிற ஆகஸ்டில் நீங்கள் வருகிறீர்கள். நக்கிள்ஸ் மலைக்குப் போவோம். கைவிரல்களை மடக்கிப் பிடித்தது போல உச்சிகள் இருக்கும் அந்தத் தொடரை 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் போட்டார்கள். இங்கிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, ரத்தோட்டை, பிறகு ரிவஸ்டன். உன் ஆர்வி அளவு வண்டி அந்த வளைவுகளில் திரும்பாது. ஹையேஸ் வான் போதும். நினைத்த இடத்தில் படுக்கவும் முடியாது, காட்டுக்குள் தங்க வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மேலே காற்று ஆளைத் தள்ளும், பிள்ளைகளுக்குத் தடித்த சட்டை கொண்டு வா. விடியவே வெளிக்கிட்டுவிடுவோம், தயிருக்குக் கந்தளாயில் நிற்பாட்டுவோம்.

பத்திரங்களை எல்லாம் அம்மா போன கிழமை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பைக்குள் இப்போது இரண்டு போர்வையும் அந்த டோர்ச்சும் இருக்கின்றன. டோர்ச்சுக்குப் புது பற்றரி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அக்கா
திருகோணமலை