முழுகிப் போன கிரீடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) வீழ்ந்த கதையை விறுவிறுப்பாக எழுதியிருந்தீர்கள். ஆனால் படித்து முடித்தவர், 1453 மே 29 அன்று ஒரு பீரங்கி வந்து பைசாந்தியப் பேரரசை, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசை, சாய்த்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்வார். முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். எனக்கு அந்தக் கதை உரைகல்லில்தான் தெரிகிறது.

ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த சாலிடஸ் காசு நாலரை கிராம். நம் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட கலப்பே இல்லாத தங்கம். சுமார் எழுநூறு ஆண்டுகள் அந்த மாற்றைப் பெரிதாகக் குறையாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்தக் காசு நம் பக்கத்துக்கும் வந்தது. காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் 6ஆம் நூற்றாண்டில் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். இலங்கை அரசன் முன்னால் ஒரு பாரசீக வணிகரும் சோபாத்ரோஸ் என்ற ரோமானிய வணிகரும் யாருடைய ராஜா பெரியவர் என்று மல்லுக்கு நின்றார்களாம். சோபாத்ரோஸ் பேச்சை வளர்க்கவில்லை. இரண்டு ராஜாக்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று காசை எடுத்துக் காட்டச் சொன்னார். பாரசீகக் காசு வெள்ளி, ரோமானியக் காசு தங்கம். அரசன் தங்கத்தின் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

541இல் வந்த கொள்ளைநோய், 7ஆம் நூற்றாண்டில் அரபுகளிடம் போன சிரியா, எகிப்து, அதோடு போன எகிப்தின் தானியம்... இத்தனை அடி வாங்கியும் அந்த அரசு நின்றது. பேரரசர் இரண்டாம் பாசில் 1025இல் இறந்தபோது கருவூலம் நிரம்பி வழிந்தது. வைக்க இடம் போதாமல் நிலத்தடியில் அறைகளைப் பெரிதாக்கினார் என்று மிகாயேல் செல்லோஸ் என்ற வரலாற்றாளர் எழுதுகிறார்.

அப்புறம் பத்துப் பதினைந்து வருடத்திலேயே காசில் கலப்படம் தொடங்கிவிட்டது. பேரரசர் நாலாம் மிகாயேல் ஆரம்பித்ததை ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் (1042-1055) தாராளமாகத் தொடர்ந்தார். அவர் ஆட்சி முடிவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தங்கம் காணாமல் போயிருந்தது. வியாபாரம் பெருகியது, காசு அதிகம் தேவைப்பட்டது, அதனால்தான் குறைத்தார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் மாற்றைக் குறைத்து ருசி கண்டவன் அதோடு நிறுத்தி நான் பார்த்ததில்லை. இவர்களும் நிறுத்தவில்லை. 1080களின் முடிவில் அந்தக் காசில் பத்தில் ஒரு பங்கு தங்கம் தேறினாலே அதிகம். முதலாம் அலெக்சியஸ் 1092இல் இருபதரை காரட்டில் புதுக் காசு அடித்து ஓரளவு நிமிர்த்தினார். ஆனால் அதே அலெக்சியஸ்தான், கப்பற்படை உதவிக்குக் கைம்மாறாக, இத்தாலியின் துறைமுக நகரான வெனிஸின் வணிகர்களுக்குச் சுங்க வரியைத் தள்ளுபடி செய்தவர். சொந்த ஊர் வியாபாரி நூற்றுக்குப் பத்து கட்டுவான், வெனிஸ்காரன் கட்டமாட்டான். அப்படியானால் கடைத்தெரு யார் கைக்குப் போகும்?

சிலுவைப்போர்ப் படையிடம் நகரம் பறிபோன 1204ஐ நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என் வருத்தம் அதில்தான். சிலுவைப்போருக்காக 33,500 பேரை ஏற்றிச் செல்ல வெனிஸ் பேசிய தொகை 85,000 வெள்ளி மார்க். வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கப்பல் கட்டியாயிற்று, பணம் வரவில்லை. நாடிழந்த பைசாந்திய இளவரசன் ஒருவன், என்னை அரியணையில் ஏற்றினால் இரண்டு லட்சம் மார்க் தருகிறேன் என்றான். ஏற்றினார்கள். கோவில் பாத்திரங்களை உருக்கியும் அவனால் அடைக்க முடியவில்லை. கடைசியில் பணம் வர வேண்டியவனே ஊரைச் சூறையாடினான். கிறிஸ்தவப் படை கிறிஸ்தவத் தலைநகரைக் கொள்ளையடித்தது. அங்கிருந்து போன நான்கு வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸில்தான் இருக்கின்றன.

1261இல் நகரம் திரும்பக் கிடைத்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. 1343இல் சவாயின் ஆன் என்ற அரசி, உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக அரச நகைகளை வெனிஸிடம் 30,000 டுகாட்டுக்கு (வெனிஸின் தங்கக் காசு) அடகு வைத்தார். கவுன்டரில் எத்தனை முகங்களைப் பார்த்திருப்பேன்! “அடுத்த மாதம் திருப்பிவிடுவேன் சார்” என்று சொல்லிவிட்டு, வட்டியும் கட்டாமல் போவார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. நகை மீட்கப்படவே இல்லை, முழுகிப் போய்விட்டது. நான்கு வருடம் கழித்து ஆறாம் ஜான் முடிசூடியபோது கிரீடத்தில் இருந்தது கண்ணாடிக் கல். நம் பாஷையில் சொன்னால் கவரிங். விருந்தில் பொன் தட்டும் இல்லை, வெள்ளித் தட்டும் இல்லை. ஈயமும் மண்ணும்தான். கிரிகோராஸ் என்ற வரலாற்றாளர் அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். விழா நடந்ததும் தலைநகரின் பெரிய தேவாலயமான ஹாகியா சோபியாவில் அல்ல. முந்தைய வருடம் அதன் கூரை ஒரு பக்கம் இடிந்திருந்தது. அதற்குச் சில வருடங்களில் தங்கக் காசு அடிப்பதே நின்றுபோனது.

சரி, நீங்கள் எழுதிய பீரங்கிக்கு வருகிறேன். அதை வார்த்த ஊர்பான் முதலில் வேலை கேட்டுப் போனது நகரை வென்ற துருக்கிய சுல்தானிடம் அல்ல, கடைசிப் பேரரசர் பதினொன்றாம் கான்ஸ்டன்டைனிடம். சம்பளம் கொடுக்க வழியில்லை. அதன் பிறகே அவர் சுல்தான் முகமதுவிடம் போனார்.

ஒரு வேண்டுகோள். மூன்று வருடம் முன்பு மகனோடு இஸ்தான்புல் போயிருந்தபோது, ஹாகியா சோபியாவின் மேல்மாடத்தில் ஒரு மொசைக் சித்திரத்தைப் பார்த்தேன். நடுவில் இயேசு, ஒரு பக்கம் அரசி சோயி, மறுபக்கம் அவருடைய மூன்றாவது கணவர். முந்தைய கணவரின் முகத்தை எடுத்துவிட்டுப் புது முகத்தைப் பதித்து, பெயரையும் மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். உடல் பழையவருடையது. அந்த மூன்றாவது கணவர் வேறு யாருமில்லை, நான் மேலே சொன்ன ஒன்பதாம் கான்ஸ்டன்டைன்தான். இரண்டு கையாலும் ஒரு பணப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இடமிருந்தால் அடுத்த இதழில் அந்தப் படத்தைப் போடுங்கள்.

— ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
கும்பகோணம்