காலிப் படிவத்தில் கையெழுத்து கேட்பது குறித்துப் புகார்

அனுப்புநர்: பாலிசிதாரர், மதுரை.
பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.

ஐயா,

என் அம்மாவின் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சைக்குப் பணத்தை நாங்களே கட்டிவிட்டு, அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்து ஏழு வாரம் ஆகிறது. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கொடுத்தாயிற்று. இப்போது கிளைம் நிற்பது ஒரே ஒரு தாளில். அம்மாவின் மருத்துவ விவரங்களை உங்களிடம் கொடுக்க மருத்துவமனைக்கு அனுமதி தரும் படிவம் அது.

அனுமதி தர மாட்டோம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய தாளில் மருத்துவமனை பெயர் காலி, தேதி காலி. அச்சடித்த வரி மட்டும், அம்மா இதுவரை எங்கே என்ன சிகிச்சை எடுத்திருந்தாலும் அத்தனை பதிவுகளையும் தரலாம் என்கிறது. “கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க நிரப்பிக்கிறோம்” என்றார் உங்கள் ஊழியர். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது கந்துவட்டிக்காரர் வழக்கம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

சரி என்று நானே பேனா எடுத்து மருத்துவமனை பெயர், உள்நோயாளியாக இருந்த நான்கு நாள், ‘பித்தப்பை சிகிச்சை தொடர்பான கேஸ் ஷீட் மட்டும்’ என எழுதினேன். அம்மா தமிழில் கையெழுத்திட்டார். கை நடுக்கத்தில் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பதினோராம் நாள் தாள் திரும்பி வந்தது. கைத்திருத்தம் கூடாதாம். அப்புறம் போனில் ஒரு யோசனை வேறு: “பாலிசி உங்க பேர்லதானே சார், நீங்களே போட்டுடுங்க.” கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “என் வயித்துல இருந்த கல்லுக்கு நீ எதுக்குடா கையெழுத்துப் போடணும்?” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

நாங்கள் எதையும் மறைக்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிளைம் படிவத்தின் ஏ பகுதி உறுதிமொழியிலேயே, சிகிச்சை தந்த மருத்துவமனையிடம் தேவையான விவரம் கேட்டுப் பெறலாம் என்ற ஒப்புதலும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. அதில் தரப்பட்டுள்ள உதாரணமே மருத்துவம் சார்ந்ததுதான். தொலைமருத்துவச் செயலி ஒன்று போனிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, பயனர் சரி என்று சொல்லியிருந்தாலும், எண்களுக்கு அந்த ஒப்புதல் செல்லாது. உங்கள் சட்டப் பிரிவில் யாராவது படித்துப் பார்க்கட்டும்.

காத்திருந்து அலுத்துப்போய், அம்மாவே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. இரண்டாம் நாளே கேஸ் ஷீட் நகல் கைக்கு வந்துவிட்டது. 38 பக்கம், இத்துடன் இணைத்துள்ளேன்.

இதை வைத்துக் கிளைமை முடித்துப் பணத்தை அனுப்புங்கள். அந்தக் காலிப் படிவம் இனித் தேவையில்லை என்று எழுத்தில் தெரிவியுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இந்தக் கடிதத்தின் நகலோடு போவேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

இணைப்பு: கேஸ் ஷீட் நகல், நீங்கள் திருப்பி அனுப்பிய படிவம்.